மருத்துவத்தில் நான்காமவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் குழந்தைகளின் நடனமும் காண வந்திருக்கும் உங்கள்முன் சுகாதாரத்தைப் பற்றிப் பேச ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். விருந்துக்கு முன் கஷாயம் கொடுப்பதுபோல் இது தோன்றலாம். ஆயினும் செயலாளர் அவர்கள் என்னை அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலனியை அடுத்துள்ள கிராமங்களுக்கு இவ்வாண்டு ஏதேனும் ஒரு நற்பணி செய்யவேண்டும் என்று சங்கம் விரும்புகிறது. இலவச மருத்துவ முகாம் ஒன்று நடத்தலாமா என்ற யோசனையும் செயற்குழுவின்முன் இருக்கிறது. பொதுச் சுகாதாரத் துறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், அதுபற்றி என் கருத்தைச் சொல்லுமாறு பணித்தார்கள். கிராமத்துக்கு மருத்துவம் எவ்வாறு போய்ச் சேருகிறது, எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், முகாம் வேண்டுமா வேண்டாவா என்பது தானே விளங்கும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மூன்றாவது மருந்து, நான்காமவர், நோயாளியின் அருகிருந்து பேணுபவர். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது என்பது அவர் கருத்து. நோயாளிக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சமில்லை. மருத்துவரையும் மருந்தையும் கிராமத்துக்கு அனுப்பச் சுதந்திர இந்தியா முதலிலிருந்தே முயன்றது. நான்காமவரைப் பற்றிய நினைவு மட்டும் நெடுங்காலம் கழித்தே வந்தது. அந்த நான்காமவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நாட்டின் சுகாதார நிலையை ஆராய சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நம் சென்னையின் டாக்டர் ஆற்காடு இலக்குமணசாமி முதலியார் அவர்களும் அதில் ஓர் உறுப்பினர். அன்று இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 160 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே மாண்டன. 1946-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்றும், மருத்துவ வசதி மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் இருக்கவேண்டும் என்றும் வற்புறுத்தியது. முதற்படியாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அந்நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பின்னர் 1959-இல் முதலியார் அவர்களையே தலைவராகக் கொண்டு மற்றொரு குழு அமைக்கப்பட்டது. புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட, உள்ளவற்றை முதலில் உருப்படியாக நடத்துங்கள் என்பது அக்குழு கூறிய அறிவுரைகளுள் முக்கியமானது.

காலப்போக்கில் கணக்கு மேலும் நெருக்கமாயிற்று. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம்; மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் 20,000-க்கும் 3,000-க்கும் ஒவ்வொன்று என விதி வகுத்தார்கள். கட்டடங்கள் எழுந்தன, பெயர்ப்பலகைகள் தொங்கின. ஆனால் பல இடங்களில் மக்கள் வரவில்லை. வந்தவர்களும் மறுமுறை வரவில்லை. கிராமத்தாருக்கு அறிவில்லை, மூடப்பழக்கம் மிகுந்தவர்கள் என்று அதற்குக் காரணம் கூறுவது நகரத்தாருக்கு எளிது. அவர்கள் போட்ட கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆறு மைல் நடந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. டாக்டர் இருந்தால் மருந்து இருப்பதில்லை. மருந்து இருந்தால் டாக்டர் இருப்பதில்லை. இருவரும் இருந்தாலும், பேசும் மொழி வேறு, காட்டும் முகம் வேறு. பிறந்து பத்து நாளான குழந்தைக்கு இரவில் மூச்சு வாங்கத் தொடங்கினால், ஆறு மைலுக்கு அப்பாலுள்ள பூட்டிய கதவு அதற்கு என்ன பயன் தரும்?

இந்த இடத்தில்தான் நாம் வாழும் இந்த மராட்டிய மண் நாட்டுக்கே ஒரு பாடம் கற்பித்தது. அகமத்நகர் மாவட்டத்தில், இன்று அகில்யாநகர் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள மாவட்டத்தில், ஜாம்கேட் என்னும் வறண்ட ஊர் ஒன்று உண்டு. 1970-இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே சென்று குடியேறினர். இருவரும் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாலையோர மரநிழலில் வைத்தியம் பார்த்த மரபு வேலூருக்கு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆரோலே தம்பதியர் மருத்துவம் செய்ய வந்தார்கள்; மக்களோ, முதலில் தண்ணீர் வேண்டும் என்றார்கள். 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மராட்டியத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மருந்துப் பெட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டுவதில் அவர்கள் முனைந்தார்கள். அவற்றையும் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் குடியிருப்புகளில் தோண்டச் செய்தார்கள். ஊரார் அனைவரும் அங்கே வந்து நீர் இறைக்கவேண்டியதாயிற்று. நல்ல தண்ணீரால் வாந்திபேதி குறைந்தது. ஒரே குழாயடியில் குடம் வைத்ததனால் வேறு சில நோய்களும் குறையத் தொடங்கின.

அடுத்து, கிராமந்தோறும் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை அமர்த்த முயன்றார்கள். வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள் தனியே கிராமத்தில் தங்க அஞ்சினர். ஊர்ப் பெண்களும் அவர்களிடம் மனம் திறந்து பேசவில்லை. அதன்பின் அவ்வூர்ப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்; தாழ்த்தப்பட்ட குலத்தினர் பலர்; கணவரால் கைவிடப்பட்டோர் சிலர். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டு போய், தம் ஊரில் அதைச் செய்தார்கள். குழந்தையை எடை போடுவது, சுத்தமான கையால் பிரசவம் பார்ப்பது, தோலில் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் தொழுநோயோ என்று ஐயுறுவது, விடாத இருமலைக் கண்டால் காசநோயோ என்று ஐயுறுவது ஆகியவற்றை அவர்கள் அறிந்தார்கள். தொடக்கத்தில் அக்கிராமங்களில் ஆயிரத்துக்கு 170-க்கு மேல் இருந்த சிசு மரணம், இருபது ஆண்டுக் காலத்தில் 30-க்கும் கீழே இறங்கிற்று. 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூல் ஒன்றில் ஜாம்கேடின் அனுபவமும் இடம்பெற்றது. 1978-இல் ஆல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்ப சுகாதாரமே அனைவர்க்கும் நலம் தரும் வழி என்று அறிவித்தது. மறு ஆண்டு ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

எழுத்தறியாத பெண்ணின் கையில் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்று உங்களில் சிலர் ஐயுறலாம். அந்த ஐயம் மருத்துவர்களுக்கே இருந்தது. அதைத் தீர்த்த நிகழ்ச்சிகளுள் ஒன்றைக் காண வங்காளத்துக்குச் செல்லவேண்டும். 1971-இல் வங்கதேசப் போரினால் அகதிகள் இலட்சக் கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, போன்காவ் என்னும் ஊரின் முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோயிற்று. அங்கே பணிபுரிந்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளியின் தாயோ தமக்கையோ கிண்ணத்தில் பிடித்து ஊட்டுமாறு ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மடிந்துகொண்டிருந்த அம்முகாமில், அவ்வாறு பேணப்பட்டவர்களில் மடிந்தவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவே. ஊசி பிடித்த கையின் வேலையைக் கிண்ணம் பிடித்த கை செய்தது. இன்று கடைதோறும் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்துக்கு உலகெங்கும் மதிப்புத் தேடித் தந்த நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

மீண்டும் மராட்டியத்துக்கே வருவோம். இம்மாநிலத்தின் கிழக்கெல்லையில் அடர்ந்த காடுகள் நிறைந்த கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. கோண்டுப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதி அது. 1980-களின் நடுப்பகுதியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் அங்கே பணி தொடங்கினர். ஆஸ்பத்திரிக்கு ஏன் வருவதில்லை என்று பழங்குடியினரையே அவர்கள் கேட்டார்கள். கிடைத்த விடைகள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. டாக்டரும் நர்ஸும் வெள்ளுடை உடுத்தியிருக்கிறார்கள். தங்கள் வழக்கிலோ இறந்தோரைப் போர்த்துவதுதான் வெள்ளைத் துணி என்றார்கள். உறவினரை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியைத் தனியே கிடத்துவதும் அவர்களுக்கு அச்சம் தந்தது. எனவே கோண்டுக் கிராமத்தைப் போலவே குடிசைகளாக ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. உறவினரும் உடன் தங்கலாம். அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அன்னையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

கட்சிரோலியில் குழந்தைகளைப் பெரிதும் கொன்றது நிமோனியாக் காய்ச்சல். குழந்தை நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணினால் அந்நோயைக் கண்டுகொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐயும், அதற்கு மேல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு 50-ஐயும் மூச்சு எட்டினால் ஆபத்து. ஆனால் கிராமத்து மருத்துவச்சிகள் பலருக்கு அவ்வளவு எண்ணத் தெரியாது. அதற்காக மணிகள் கோத்த சிறு சட்டம் ஒன்றும், ஒரு நிமிடத்தில் மணல் வடியும் கண்ணாடிக் குடுவை ஒன்றும் செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் வடிந்து முடியுமுன் சிவப்பு மணியைத் தள்ளவேண்டி வந்தால், அது நிமோனியா. உடனே மருந்து கொடுக்கவேண்டும். பள்ளியின் வாசலை மிதியாத ஒரு பாட்டி, அந்த மணிச் சட்டத்தைக் கையில் ஏந்திக் குழந்தையின் மார்பை உற்று நோக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்!

பின்பு பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே பேணும் முறையையும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். பிறந்தவுடன் துடைத்து வெதுவெதுப்பாகப் போர்த்துவது, தாய்ப்பால் புகட்டுவது, எடை பார்ப்பது, தொற்றுநோயின் அறிகுறிகளை அறிந்து மருந்தளிப்பது ஆகியவை அதில் அடங்கும். 39 கிராமங்களில் இம்முறை கையாளப்பட்டது. மூன்றாம் ஆண்டில், இம்முறை இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 62 பங்கு குறைந்திருந்தது. 1999-இல் இலண்டனிலிருந்து வரும் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

வள்ளுவர் சொன்ன நான்காமவர் இவ்வாறு கிடைத்தார். அவர் கிராமத்துக்கு வெளியிலிருந்து அனுப்பப்பட வேண்டியவர் அல்லர். அங்கேயே, அடுத்த வீட்டிலேயே இருந்தவர். இந்த உண்மையை அரசும் ஏற்றது. 2002-இல் சத்தீஸ்கர் மாநிலம் 'மிதானின்', அதாவது தோழி, என்ற பெயரில் ஊர்ப் பெண்களைச் சுகாதாரப் பணிக்கு அமர்த்திற்று. 2005-இல் தேசிய கிராமப்புற சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவராக 'ஆஷா' ஊழியர்கள் நாடெங்கும் வந்தனர். இன்று அவர்கள் தொகை சுமார் பத்து இலட்சம். கட்சிரோலியில் வளர்ந்த முறையை 2011 முதல் ஆஷாக்கள் வீடு வீடாகச் செய்துவருகிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்து வீடு வந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சென்று பார்க்கவேண்டும் என்பது விதி. இங்கே அவர்களை 'ஆஷா தாயி' என்று அழைக்கக் கேட்டிருப்பீர்கள். நம் செவிக்குத் தாய் என்று ஒலிக்கும் அச்சொல்லுக்கு மராத்தியில் தமக்கை என்று பொருள். இரண்டு பொருளும் அவர்களுக்குப் பொருந்தும்.

2005-இல் ஆயிரத்துக்கு 58 ஆக இருந்த சிசு மரணம் 2020-இல் 28 ஆயிற்று. மருத்துவ நிலையங்களில் நடக்கும் பிரசவம் 2005-06-இல் நூற்றுக்கு 39, 2019-21-இல் 89. சாலைகளும், ஆம்புலன்ஸ் வண்டிகளும், தாய்மார்களுக்கு அரசு அளித்த உதவித்தொகையும் இதற்குத் துணைநின்றன. எனினும் நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்து, கர்ப்பிணியின் கைப்பற்றி வண்டியில் ஏற்றியவர் ஒரு பெண் என்பதை மறக்கலாகாது.

இனி, இனிக்காத செய்தியையும் சொல்லவேண்டும். 2020-இன் அதே கணக்கின்படி நகரத்தில் ஆயிரத்துக்கு 19 குழந்தைகள் இறக்கக் கிராமத்தில் 31 குழந்தைகள் இறந்தன. நான்காமவர் வந்தமையால் இரண்டாமவர் வேண்டாதவர் ஆகிவிடவில்லை. ஆஷா தாயி நோயறிந்து அனுப்பிய குழந்தை, மருத்துவர் இல்லாத ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று திரும்பினால், அடுத்த முறை அவர் சொல்லை ஊரார் கேட்பார்களா? கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை என்று 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு கூறிற்று. ஆஷாக்களின் நிலையும் வருந்தத் தக்கதே. 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் வந்தபோது வீடு வீடாகச் சென்றவர்கள் அவர்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துப் பெருமைப்படுத்தியது. ஆயினும் அவர்கள் அரசு ஊழியராகக் கருதப்படுவதில்லை. தொண்டர் என்றே பெயர். செய்த வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை கிடைக்கும். அதுவும் காலதாமதமாக வருகிறது என்று மாநிலந்தோறும் அவர்கள் முறையிட்டு வருகிறார்கள்.

மூன்றாவது கூறாகிய மருந்து பற்றி, தமிழர்களாகிய நாம் சிறிது பெருமை கொள்ளலாம். நாட்டிலேயே முதலாவதான பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. 1994-இல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணிகளுக்கென ஒரு கழகம் அமைத்தது. மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டந்தோறும் கிடங்கில் வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, அதன்படி வழங்கும் முறை வந்தது. எளிய மாத்திரையும் இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்பும் நிலை பெரிதும் மாறிற்று. பிற மாநிலங்களும் அம்முறையைப் பின்பற்றின.

அன்பர்களே, இனி நம் முகாமுக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு, நகரத்து டாக்டர்களை அழைத்து வந்து, முந்நூறு பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, பத்து நாளைக்கு மாத்திரை கொடுக்கலாம். புகைப்படமும் அடுத்த ஆண்டு மலரில் அழகாக வரும். ஆனால் பதினோராம் நாள் அந்நோயாளி என்ன செய்வார்? இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து ஆயுள் முழுவதும் வேண்டுமே! நாம் கண்டுபிடித்த நோயை நம் பந்தலோடு சேர்த்துப் பிரித்து எடுத்துப்போக முடியாது. ஆகவே ஒருநாள் முகாமைவிட ஓராண்டு உறவே மேல் என்பது என் தாழ்மையான கருத்து. அதற்குச் சில வழிகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவதாக, அருகிலுள்ள கிராமங்களின் ஆஷா தாயிகளையும் துணை நிலைய நர்ஸையும் நம் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். குழந்தையை எடைபோடும் தராசு பழுதாகியிருக்கலாம்; இரவில் பிரசவத்துக்குச் செல்ல ஓர் ஆட்டோவுக்கு வழியில்லாமல் இருக்கலாம். முகாமே வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அதையும் அவர்களைக் கலந்து நடத்துவோம். பதினோராம் நாள் நோயாளி எங்கே மருந்து பெறுவார் என்பதை முதலிலேயே நிச்சயித்துக்கொள்வோம்.

இரண்டாவது, நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு. காலையில் பாத்திரம் துலக்க வரும் பெண் அக்கிராமங்களிலிருந்துதான் வருகிறார். நமக்குத் தலைவலி என்றால் காலனி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசல் அவருக்குத் திறப்பதில்லை. அவர் குழந்தைக்குத் தடுப்பூசி நாள் எது என்று விசாரியுங்கள். அன்று கூலியோடு விடுமுறை கொடுங்கள். அவருடைய மகளோ மருமகளோ பிரசவித்தால், முதல் 28 நாளும் கண்ணாயிருக்கச் சொல்லுங்கள். இதற்குப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. இங்கே பிறந்து வளர்ந்த நீங்கள் மராத்தியை அம்மண்ணின் மக்களைப் போலவே பேசுகிறீர்கள். ஆஸ்பத்திரியில் அச்சத்தோடு நிற்கும் கிராமத்தாருக்கு அந்த மொழியில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லவும், படிவம் நிரப்பித் தரவும் உங்களால் முடியும். உங்களில் மருத்துவமும் செவிலியர் கல்வியும் பயில்வோர், பணிக்காலத்தில் சில ஆண்டுகளையேனும் கிராமத்துக்குக் கொடுக்க மனம் கொள்ளுங்கள்.

பிழைப்பைத் தேடி வந்த நம்மை இந்த மண் வரவேற்று வாழவைத்தது. அதற்கு நாம் செலுத்தும் கைம்மாறு ஒருநாள் விழாவாக இராமல், ஆண்டு முழுவதும் தொடரும் பணியாக இருக்கட்டும். இவ்வார இறுதியில் செயற்குழு கூடும்போது, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்குமுன், ஆஷா தாயி ஒருவரின் வீட்டு வாசலுக்கு நம்மில் இருவர் சென்று வருவது என்று தீர்மானிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். அவ்விருவருள் ஒருவனாகச் செல்ல நான் சித்தமாக இருக்கிறேன்.